உறை ஊற்றாத வாளி

அத்தியாயம் 14

சாரல் விழுகிற நாளில், சுவர் நிறத்துக்கு மேல் பூசுகிற கிளேஸ் அவசரப்படாது. தென்காசியின் காய்ந்த காற்றில் நாலு நிமிடத்தில் இறுகிப்போகும் அதே கலவை, இங்கே குற்றாலத்தில் பத்து நிமிடம் வரைக்கும் சுவரில் ஈரமாகக் கிடக்கும். துணி வந்து தொடும்வரை பொறுத்திருக்கும்.

எப்சிபாவுக்கு அந்தப் பொறுமை பிடிக்கும். இன்று மட்டும் அது அவளை என்னவோ செய்தது. 'இன்னும் நேரமிருக்கு, இன்னும் நேரமிருக்கு' என்று யாரோ காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பதுபோல.

காலை ஒன்பது மணி. ஐந்தருவிச் சாலையில் மசூது அண்ணாச்சி புதிதாகக் கட்டியிருக்கும் விடுதியின் சாப்பாட்டுக் கூடம். இருபத்தெட்டு அடிச் சுவர் ஒன்று தந்த நிறத்தில் வெறுமையாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் மலை இல்லை. வெள்ளைத் துணியால் மூடி யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கைப்பேசி அடித்தது. மாமனார் அருமைநாயகம்.

"சொல்லிட்டியாம்மா?"

"இல்ல மாமா."

"இன்னைக்குச் சனிக்கிழமை. ஆறு மணிக்கெல்லாம் ஐயர் ஓலைய எழுதி வச்சிருவாரு. நாளைக்குக் கோயில்ல எல்லார் கூடயும் உக்காந்துதான் அவ கேக்கணுமா?"

"சொல்லிருதேன் மாமா."

"நான் வேணா சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான்தான் சொல்லணும்."

அவர் "சரிம்மா" என்றார். பிறகு, "மழைல நனையாதீங்க ரெண்டு பேரும்" என்று வைத்துவிட்டார்.

ரெண்டு பேரும். எப்சிபா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

அவர்கள் சபையில் ஒரு கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். ஆராதனை நடுவில் சபைப் போதகரான ஐயர் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லி ஒரு கணம் நிறுத்துவார். நாளைக்கு அந்த ஓலையில் எப்சிபாவின் பெயர். பக்கத்தில் பிரின்ஸ் பெயர். சுரண்டையில் பெயின்ட் கடை வைத்திருக்கிற, மனைவி இறந்து ஐந்து வருடமாகத் தனியாக இருக்கிற பிரின்ஸ்.

ஐந்து வாரம் முன்னால் அவர் கேட்டார். போன செவ்வாய்க்கிழமைதான் அவள் சரி என்றாள். அன்று மாலையே அவர் வந்து மாமனாரிடம் பேசிவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னார் மாமா.

அப்போது வீட்டில் இல்லாத ஒருத்தி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் இதோ கால்மாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

ஜெனி. ஜஸ்டினின் தங்கை.

ஜஸ்டின் போய் மூன்று வருடம். நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் இல்லை. சுவரில் கிளேஸ் பூச ஒருவர், பின்னாலேயே துணியால் ஒற்றி எடுக்க ஒருவர் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் செய்துவந்த தொழில். தனி ஆளால் முடியாது. பூசிவிட்டுத் துணியை எடுப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். காரியம் முடிந்த பதினாறாம் நாள், ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு ஜெனி வந்து, "துணிய என்கிட்ட தாங்க மதினி" என்று கையை நீட்டினாள். அப்புறம் வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் வேண்டாமென்றாள். 'மதினி தனியா ஆயிருவாங்க' என்று அவள் அடுப்படியில் அப்பாவிடம் சொன்னதை எப்சிபா கேட்டிருக்கிறாள்.

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மதினி, என்ன அப்படியே நிக்கீங்க? சொவரு ஓடியா போயிரப் போவுது?" ஜெனி துணியை உதறினாள்.

"கலக்கணும்லா. அதான் யோசிக்கேன்."

"யோசிச்சா கலக்குவாங்க? கைதான கலக்கும்."

எப்சிபா வாளியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கேனிலிருந்து கிளேஸ் பால்போல் விழுந்தது. பார்க்கத்தான் பால். காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். அதில் கொஞ்சம் கறுப்பு, அதைவிடக் கொஞ்சம் பச்சை, ஒரு விரல் நுனியளவு நீலம். பிறகு தண்ணீர், நூல்போல. குச்சியால் வாளியின் அடியைத் தொட்டுத் தொட்டு, நுரை கிளம்பாமல், பையப் பையச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் குமிழி விழும். குமிழி சுவருக்குப் போனால் புள்ளி விழும்.

சுற்றச் சுற்ற வாளிக்குள் ஜன்னலுக்கு வெளியே இருந்த நிறம் வந்தது. மலை மறைந்துபோன பிறகு அந்த இடத்தில் மிஞ்சுகிற நிறம். மசூது அண்ணாச்சியின் மனைவி நஸீபா கேட்டது அதைத்தான். "சாரல் விழுதாப்புல இருக்கணும்ளா, ஆனா ஈரமா இருக்கக் கூடாது" என்றிருந்தாள்.

நஸீபா இன்னொன்றும் கேட்டாள். மாடி அறைகளில் சீசன் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள், டர்பன்டைன் வாடை வரக் கூடாது என்றாள். அதனால்தான் இந்த முறை எண்ணெய்க் கலவை இல்லை, தண்ணீரில் கலக்குகிற கிளேஸ்.

அல்லது, வாடையே இல்லாத கிளேஸ் ஒன்று இருக்கிறது என்று முதலில் சொன்னது எப்சிபாவேதானா? இரண்டு நாளாக அவள் இதை யோசிக்கிறாள். யார் முதலில் சொன்னது என்று நினைவை எவ்வளவு கிளறியும் அடி தெரியவில்லை.

ஏனென்றால் தண்ணீர்க் கலவையில் உறை ஊற்ற முடியாது.

அது ஜஸ்டினின் பழக்கம். ஒவ்வொரு சுவருக்கும் கலக்கிய கிளேஸில் ஒரு கரண்டி எடுத்து ஒரு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி வைப்பான். அடுத்த சுவருக்குக் கலக்கும்போது அதிலிருந்து ஒரு கரண்டி. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. இலத்தூர் டாக்டர் வீட்டு மாடிப்படி, அச்சன்புதூர் கல்யாண மண்டபம், சுரண்டை நகைக்கடை, எல்லாம் அந்தப் பாட்டிலுக்குள் இருந்தன. "சொவரெல்லாம் சொந்தக்காரங்க ஆயிரும்லா" என்று சிரிப்பான். அவன் போன பிறகும் அவர்கள் இருவரும் ஒரு சுவருக்கும் விடவில்லை. மேலே தோல் படிந்து, உள்ளே என்ன நிறமென்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில், லின்சீடு எண்ணெய் மணக்க, அந்தப் பாட்டில் எல்லா வேலைக்கும் கூடவே வந்தது.

இன்றும் பையில் இருக்கிறது. ஊற்றப் போவதில்லை என்று தெரிந்தும் ஏன் எடுத்துவந்தேன் என்று எப்சிபாவுக்குப் புரியவில்லை.

"எப்சிபா! மேல ஒரு நிமிசம் வாளா, ஜன்னல் துணி கலரு இதோட சேருமான்னு பாரு" என்று மாடியிலிருந்து நஸீபா கூப்பிட்டாள்.

எப்சிபா குச்சியை வாளியின் மேல் குறுக்கே வைத்துவிட்டுப் போனாள்.

மாடி ஜன்னலில் நின்றபோது மேகம் கொஞ்சம் விலகியது. அருவி இருக்கும் திசையில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்து மறைந்தது. இந்தப் படியில் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். முதல் வார்த்தை என்ன? 'ஜெனி, ஒண்ணு சொல்லணும்.' அப்புறம்? அப்புறம் வருகிற வார்த்தைகளுக்கெல்லாம் உருவமே இல்லை. வாயைத் திறந்தால் புகைபோல் வரும்.

கீழே வந்தபோது ஜெனி வாளிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள். கையில் பாட்டில்.

"மதினி," அவள் குரல் சின்னதாக இருந்தது. "உறை ஊத்த மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

எப்சிபா வாளிக்குள் பார்த்தாள்.

சாரல் நிறம் திரிந்து போயிருந்தது. பழுப்பாகத் துணுக்குத் துணுக்காக எண்ணெய்த் திரள்கள், எலுமிச்சை பிழிந்த பால்போல். ஜெனி கலக்கிவிட்டும் இருக்கிறாள். குச்சியின் நுனி வரை பிசுபிசுப்பு.

"ஏட்டி, இது தண்ணிக் கலவைலா! எண்ணெய எப்படிட்டி ஏத்துக்கிடும்?"

"தெரியும். ஒரு கரண்டிதானன்னு நெனச்சேன். ஒண்ணுஞ் செய்யாதுன்னு... தோலு கிழியவே இல்ல. ஆணிய வச்சிக் குத்துனேன். குபுக்குன்னு பாதிக்கு மேல விழுந்துட்டு."

எப்சிபா ஒரு தூரிகை தொட்டு ஒரு வெற்றுப் பலகையில் இழுத்தாள். கலவை பலகையில் நிற்கவில்லை. அங்கங்கே விலகி விலகி, அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்தன.

"வடிகட்டினா?" என்றாள் ஜெனி.

"போவாதுட்டி."

ஜெனி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் ஒரு விரல் உயரம்தான் இருந்தது. "அண்ணன் கலக்குனது முக்காவாசி போச்சு" என்றாள். பிறகு நிமிர்ந்து, "தண்ணிக் கலவைக்கு ஊத்த வேண்டாம்னு நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டாள். "எண்ணெய் சேராதுன்னு உங்களுக்குத் தெரியும். என் புத்தியும் உங்களுக்குத் தெரியும். இந்தச் சொவருக்கு உறை கெடையாது ஜெனின்னு ஒரு வார்த்த. ஏன் சொல்லல?"

கேள்வி நேராக வந்தது. இதுதான் இடம் என்று எப்சிபாவின் உள்ளே ஏதோ சொன்னது. அவள் வாய் திறந்து சொன்னது வேறு.

"மறந்துட்டேன்."

ஜெனி பாட்டிலை மூடினாள்.

நாலு லிட்டர் கிளேஸ் உடனே வேண்டும். தென்காசியில் விசாரித்தாயிற்று, திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். இருக்கிற ஒரே கடை சுரண்டையில். ஜெனி பார்த்துக்கொண்டே இருக்க எப்சிபா அந்த எண்ணை அழுத்தினாள்.

"நாலு லிட்டர் கிளேஸ் வேணும், அண்ணாச்சி."

அண்ணாச்சி என்று அவள் கூப்பிட்டு ஐந்து வாரமாகிறது.

"பக்கத்துல ஜெனி இருக்காளா?" என்றார் பிரின்ஸ்.

"ஆமா. குற்றாலத்துக்கு."

"இந்தா கெளம்புதேன்."

காத்திருந்த நேரத்தில் இருவரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டார்கள் என்றால், எப்சிபா புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஜெனி தன் டப்பாவிலிருந்த முட்டையைப் பாதியாக்கி, பெரிய பாதியை இவள் டப்பாவில் போட்டாள். வாளி கெட்டதற்கு அது மன்னிப்பு. எப்சிபா அந்த முட்டையைச் சோற்றுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

மதினி என்கிற வார்த்தையை அவள் நினைத்துக்கொண்டாள். அது ஜஸ்டின் கொடுத்த பெயர். தாலி கட்டிய அன்று சாயங்காலம், இரட்டைச் சடை போட்டிருந்த ஜெனி கதவோரம் நின்று அந்தப் பெயரால் முதன்முதலில் கூப்பிட்டாள். அதற்கு முன் எப்சிபா யாருக்கும் மதினி இல்லை. நாளைக்கு ஓலை வாசித்த பிறகு? கொடுத்தவன் இல்லாத பெயரை, இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? யாரிடம் கேட்பது இதை?

பன்னிரண்டு மணிக்கு பைக் சத்தம் கேட்டது. மழைக்கோட்டின் தொப்பியைத் தள்ளியபடி பிரின்ஸ் உள்ளே வந்தார். மீசையில் தண்ணீர். வயிற்றோடு அணைத்துக் கொண்டுவந்திருந்த கேன் மட்டும் சொட்டு நனையவில்லை.

"என்ன ஜெனி, நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன் அண்ணாச்சி. வாளிதான் நல்லால்ல."

அவர் சிரித்தார். எப்சிபா அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். இன்னும் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது. கேனைத் தரையில் வைத்து, "கலந்துதான் கொண்டாந்திருக்கேன். தண்ணி மட்டும் விட்டுக்கிடுங்க" என்றார். "வாரேன்" என்று அவர் திரும்பியபோது, வாசல்படியில் ஒரு நொடி நின்றார். பிறகு இறங்கினார். சாரல் அவரை மூடிக்கொண்டது.

ஜெனி கேனின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கிற நிறம் தெரிய, மூடி மேல் கடைக்காரர்கள் ஒரு பொட்டு வைப்பார்கள். அந்தப் பொட்டு சாரல் நிறத்தில் இருந்தது. நஸீபாவுக்குக் காட்ட எப்சிபா முன்பே செய்துவைத்திருந்த மாதிரிப் பலகையை ஜெனி பக்கத்தில் வைத்தாள். இம்மியும் வித்தியாசமில்லை.

"மதினி, போன்ல நீங்க வெறும் கிளேஸுதான கேட்டீங்க. கலர் சொல்லவே இல்லியே."

எப்சிபா கேனைத் திறந்து வாளியில் சரித்தாள். "ஆரம்பிப்போம். வெளிச்சம் போயிரும்."

"இந்தப் பலகைக்குச் செவ்வாக்கெழம தென்காசி பசார்ல வாங்கி, வீட்டுல வச்சிக் கலந்தேன்னீங்க."

"ஜெனி, துணிய எடு."

சுவர் ஆரம்பித்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தக் கூடாது. பூசிய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதைத் தொட்டுவிட வேண்டும்.

எப்சிபா பலகை மேல் ஏறி, மேலிருந்து கீழே, இரண்டடி அகலத்துக்குப் பூசினாள். ஜெனி கசக்கிய துணியால் ஒற்றினாள். ஒற்றும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருப்பினாள், ஒரே அச்சு இரண்டு முறை விழாமல். துணி எடுத்த இடங்களில் அடியிலிருந்த தந்த நிறம் மங்கலாக எட்டிப் பார்த்தது. சுவர் மெல்லச் சுவராக இல்லாமல் போனது. நாலடி. எட்டடி. இரண்டு பேரின் மூச்சும் ஒரே கதியில் ஏறி இறங்கியது. மூன்று வருடத்தில் எப்சிபா மிக நிம்மதியாக இருந்த நேரங்களெல்லாம் இப்படித்தான் இருந்தன. ஒரு பட்டை முன்னால் இவள், ஒரு பட்டை பின்னால் அவள்.

பதினாறாவது அடியில் ஜெனி கேட்டாள்.

"அன்னைக்கு சுரண்டைக்குத்தான போனீங்க?"

தூரிகை ஓடிக்கொண்டே இருந்தது.

"மூலைக்குப் போயிருவோம். அங்கன வச்சிச் சொல்லுதேன்."

"இப்பச் சொல்லுங்க."

இப்போது சொன்னால் ஜெனியால் துணியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. சுவர் அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நியாயமில்லை என்று எப்சிபாவுக்குத் தெரிந்தது. இன்னொரு பொய் அதைவிட நியாயமில்லை என்பதும் தெரிந்தது.

"நாளைக்கு எனக்கும் பிரின்ஸுக்கும் ஓலை வாசிக்காங்க."

சுவரைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

துணி ஒற்றியது. இன்னொரு முறை ஒற்றியது. பிறகு சத்தம் நின்றது.

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். சொவருக்குக்கூடத் தெரியும்." ஜெனி சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "நேத்து வரைக்கும் அண்ணாச்சி அண்ணாச்சின்னுட்டு, இனிமே அவர நான் என்னன்னு கூப்பிட? உங்கள என்னன்னு கூப்பிட?"

"ஏட்டி..."

"அதான் உறை ஊத்தலியா?"

எப்சிபா திரும்பினாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஜெனியின் கண்களைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை வரவில்லை.

"தெரியலட்டி" என்றாள். "சத்தியமாத் தெரியல. வாடை வரும்னுதான் நெனச்சேன். அப்புறம், ஊத்த வேண்டாம்னு ஆனதும் கொஞ்சம் லேசா இருந்தது. அதுக்கு எனக்கே என்மேல கோவம். உன்கிட்ட எப்படிச் சொல்ல?"

ஜெனி துணியைத் தரையில் போடவில்லை. மடித்து வாளியின் விளிம்பில் வைத்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

எப்சிபா மட்டும் நின்றாள். பதினெட்டாவது அடியில் ஈர ஓரம் மின்னிக்கொண்டிருந்தது.

தனியாக மேலே பூசிக்கொண்டு போகலாம். துணியையும் தானே எடுக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. தூரிகையைத் தண்ணீரில் தொட்டு, அந்த ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே ஈரப்படுத்தினாள். மறுபடி மேலிருந்து கீழே. காயாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று. ஜன்னலில் வெள்ளை அடர்ந்தது. கூடத்துக்கும் வெளிக்கும் வேறுபாடு தெரியவில்லை. இலத்தூர் மாடிப்படியும் அச்சன்புதூர் மண்டபமும் இந்தச் சுவரும் ஒரே நீளச் சுவராகி, அதன் முன்னால் அவள் ஒரு ஓரத்தை ஈரமாக்கிக்கொண்டே நிற்பதுபோல் இருந்தது. எங்கோ பின்னால் ஜஸ்டின் துணி கசக்குகிற சத்தம். திரும்பினால் நின்றுவிடும் என்று அவள் திரும்பவில்லை.

மூன்று வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. நானும் காயவிடவில்லை, ஜெனியும் காயவிடவில்லை.

எத்தனை நிமிடமோ. துணி வாளியிலிருந்து எடுக்கப்படுகிற சத்தம் கேட்டது.

"பூசுங்க" என்றாள் ஜெனி. முடியெல்லாம் நனைந்திருந்தது.

மீதிப் பத்தடியையும் பூசினார்கள். ஜெனியின் கை மாறிவிட்டிருந்தது. துணி அழுத்தமாக விழுந்தது. அச்சுகள் பெரிதாக இருந்தன. மூலையைத் தொட்டபோது மணி நாலு.

நஸீபா வந்து பார்த்தாள். வாயில் கை வைத்தாள். "அல்லாவே, சொவரக் காணமே! மழையில்லா நிக்கி" என்றாள். பக்கவாட்டில் நடந்து நடந்து பார்த்தவள் ஓரிடத்தில் நின்றாள். "இது என்னளா, நடுவுல ஒரு கோடு? தண்ணி எறங்குனாப்புல?"

பதினெட்டாவது அடியில், மெலிதாக, மேலிருந்து கீழே ஒரு கோடு. ஒரு பக்கம் ஒரு கை, மறுபக்கம் வேறு கை போல.

"நான்தாம்மா நடுவுல நிப்பாட்டிட்டேன்" என்றாள் ஜெனி.

"மறுபடி மொத்தமும் செய்யணும்மா" என்றாள் எப்சிபா. "திங்கக்கெழம வந்து செஞ்சி தாரோம்."

தாரோம் என்றதும் ஜெனி அவளை ஒருமுறை பார்த்தாள்.

"பாப்போம். காஞ்சி வரட்டும்" என்றாள் நஸீபா. "திங்கக்கெழம பகல் வெளிச்சத்துல பாத்துட்டுச் சொல்லுதேன். எனக்கு இதுவும் பிடிக்காமல்ல."

பேருந்தில் ஜன்னலோரம் ஜெனி உட்கார்ந்தாள். பை அவள் மடியில் இருந்தது. வழக்கமாக அவள் தலை எப்சிபாவின் தோளில் சாய்ந்துவிடும், இலஞ்சி விலக்கு வருவதற்குள் தூங்கியும்விடுவாள். இன்று கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். பேருந்து குலுங்கும்போதெல்லாம் நெற்றி கண்ணாடியில் இடித்தது, எடுக்கவில்லை.

மேலகரம் தாண்டியதும் கேட்டாள்.

"ஆட்சேபனை உள்ளவங்க சொல்லலாம்னு ஐயர் கேப்பாருல்லா?"

"கேப்பாரு."

"எத்தன நேரம் நிப்பாட்டுவாரு?"

"கொஞ்ச நேரந்தான். ஒரு மூச்சு விடுத நேரம்."

"யாராச்சும் எந்திரிச்சிருக்காங்களா இதுவரைக்கும்?"

"நான் பாத்ததில்ல."

ஜெனி தலையாட்டினாள். பாடம் கேட்கிற பிள்ளைபோல. காலையிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை மதினி என்றவள், சுவருக்கு முன்னால் அந்தச் செய்தி கேட்ட பிறகு ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடவில்லை. எப்சிபா அதற்காகவே ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வரை காத்திருந்தாள். வாக்கியங்கள் அந்த வார்த்தை இல்லாமலேயே முடிந்தன.

தேவாலய நிறுத்தத்தில் பேருந்து நின்றது. அவர்கள் இறங்க வேண்டியது இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி. ஜெனி எழுந்தாள்.

"எங்கட்டி?"

"ஐயர் வீட்டுக்கு."

"எதுக்கு?"

"எழுதியிருப்பாருல்லா. காதால கேக்கதுக்கு முன்னாடி நான் அதக் கண்ணால பாக்கணும்." பையை எப்சிபாவின் மடியில் வைத்தாள். "அதுல உங்க பேருக்கு முன்னால என்ன போட்டிருக்காங்கன்னு பாக்கணும். அண்ணன் பேரு இருக்கான்னு பாக்கணும்."

"நானும் வாரேன்."

"வேண்டாம்" என்றாள் ஜெனி. "நீங்க நாலு நாளு என்கிட்டச் சொல்லாம இருந்தீங்கல்லா. என் மனசுல உள்ளத நான் ஒரு ராத்திரி சொல்லாம இருக்கேன்."

இறங்கிவிட்டாள். நடத்துநர் விசில் கொடுத்தார். சாரல் இங்கே இல்லை, தென்காசிக் காற்று காய்ந்து வீசியது. எப்சிபாவின் விரல்களில் ஒட்டியிருந்த கிளேஸ் அதற்குள் இறுகி, மெல்லிய கண்ணாடித் தோலாக மின்னியது.

மடியிலிருந்த பை லேசாக இருந்தது. அவள் உள்ளே கைவிட்டுத் தேடினாள். கிழித்த துணிகள், தூரிகைகள், இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள்.

பாட்டில் இல்லை.

எட்டிப் பார்த்தாள். ஐயர் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரமாக ஜெனி நடந்துகொண்டிருந்தாள். நெஞ்சோடு எதையோ அணைத்திருந்தாள், நனைந்துவிடக் கூடாது என்பதுபோல. மழைதான் இல்லையே.